கார்டில் இல்லாதது

ஜூலை 1, திங்கள்

நர்ஸ்களுக்கான ஆங்கிலப் பரிட்சை ரிசல்ட் வந்துவிட்டது. வார்டில் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று போனில் பார்த்தேன். படிப்பதில் பி. கேட்பதில் பி. எழுதுவதில் பி. பேசுவதில் மட்டும் சி பிளஸ்.

பேசுவதில்! எனக்கு! பள்ளிக்கூடத்திலிருந்தே வாயாடி என்று பேர் வாங்கியவள், கடைசியில் வாயாலேயே கெட்டேன்.

நாலிலும் பி இருந்தால்தான் அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவர் வேலை பார்க்கும் அச்சகம் வருஷக் கடைசியில் மூடப்போகிறது. சந்தேகமே இல்லை, மெஷின்களை வாங்க ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. நான் முதலில் போவது, அடுத்த வருஷம் இவரையும் எங்கள் பெண் சின்னதையும் கூப்பிட்டுக்கொள்வது, இவருடைய அப்பாவை நாத்தனார் வீட்டில் விடுவது. இதுதான் ஏற்பாடு. மாமாவிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மொத்த ஏற்பாடும் இப்போது ஒரு பிளஸ்ஸில் தொங்குகிறது. கால் வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

எங்கள் வார்டில் 'ரேடியோ' என்று ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் சொன்னது என் தப்பு. "ஐயோ, பேசறதுலயா? உனக்கா?" என்றாள். மத்தியானத்துக்குள் லிப்ட்காரர் வரை எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 4, வியாழன்

திரும்பவும் பணம் கட்டியாயிற்று. ஆகஸ்ட் 3, சனிக்கிழமை.

கோச்சிங் மேடத்துக்கு நான் பேசிப் பழகிய பதிவு ஒன்றை அனுப்பியிருந்தேன். இன்று போன் செய்தார். இந்தப் பரிட்சையில் ஒரு கார்டு தருவார்கள். நோயாளி யார், அவருக்கு என்ன, நர்ஸ் என்னென்ன கேட்க வேண்டும், சொல்ல வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நாம் நர்ஸாக நடிக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறவளுக்கு நர்ஸாக நடிக்கத் தெரியவில்லை. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

மேடம் சொன்னார்: "சிஸ்டர், உங்க இங்கிலீஷ்ல ஒரு குறையும் இல்ல. நீங்க பேஷண்ட்டைப் பேசவே விட மாட்டேங்கறீங்க. அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த கேள்வி."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது கட்டிலுக்கு ரெண்டு நர்ஸ். ஒருத்தரைப் பேச விட்டால் பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் பாட்டில் காலியாகிக் கிடக்கும். இதெல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து கிளாஸ் எடுக்கிறவருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இவர் சொல்வாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். சிரி சிரி என்று சிரித்தார். "இதைச் சொல்ல ஒரு மேடம், அதுக்கு ஒரு ஃபீஸா? நான் இத்தனை வருஷமா ஓசியில சொல்லிட்டு இருக்கேன்."

ராத்திரி வரை அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தண்டனையாகத் தெரிந்ததா என்பதே சந்தேகம்.

ஜூலை 7, ஞாயிறு

லீவு. இவரைக் கட்டிலில் படுக்க வைத்து நோயாளியாக்கினேன். பயிற்சிக் கார்டில், ஆபரேஷனுக்குப் பயப்படுகிறவர். நான் ஆங்கிலத்தில் தைரியம் சொல்லிக்கொண்டே போகிறேன், எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பார்த்தால் குறட்டை. உலுக்கி எழுப்பினால், "மயக்க மருந்து வேலை செஞ்சிடுச்சுன்னு வச்சுக்கயேன்" என்கிறார்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல்: "நான் வேணா படுத்துக்கட்டுமாம்மா?"

நானும் இவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமாவுக்கும் எனக்கும் நடந்த பேச்சையெல்லாம் சேர்த்து எழுதினால் அரைப் பக்கம் வராது. "டீ வைக்கட்டுமா மாமா?" "வைம்மா." மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. அவர் மாமனார், நான் மருமகள், அவ்வளவுதான். அத்தை இருந்தவரை எதுவானாலும் அத்தை வழியாகப் போகும், அத்தை வழியாக வரும். அத்தை போனபிறகு அந்தப் பாதையும் அடைத்துவிட்டது.

"கொஞ்சம் இங்கிலீஷ் வேணுமே மாமா" என்றேன்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஏறுறவன் எந்த பாஷையில திட்டினாலும் எனக்குப் புரியும்."

ஜூலை 9, செவ்வாய்

முறை இதுதான். கார்டில் இருப்பதை முதலில் மாமாவுக்குத் தமிழில் சொல்லிவிடுவேன். அப்புறம் நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அவர் தமிழில் பதில் சொல்வார். நடுநடுவே "எஸ் சிஸ்டர்", "நோ சிஸ்டர்".

இன்று அவர் மருந்தை ஒழுங்காகப் போடாத சர்க்கரை நோயாளி. என்ன நடிப்பு! "டாக்டர்னா என்ன, தலையில கொம்பா முளைச்சிருக்கு?" என்று எகிறுகிறார். இத்தனை நாள் இந்த மனுஷன் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்? நான் வழக்கம்போல் அடுத்த கேள்விக்குத் தாவினேன். கையைத் தூக்கி நிறுத்தினார்.

"இரும்மா. ஆள் இறங்கறதுக்குள்ள வண்டியை எடுக்கறியே."

மேடம் சொன்னதேதான். ஆனால் மாமா சொல்லும்போது கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சின்னது பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டினாள். நாளைக்குத் தாத்தா கால் உடைந்த மாதிரி நடிக்க வேண்டுமாம். ஏழு வயசு. அதற்குள் ஆர்டர்.

ஜூலை 13, சனி

நெஞ்சு வலி கார்டு. மாமா இன்று நிறையக் கேட்டார். நடிக்கும் முன்னாலேயே.

"நிஜமா இந்த வலி எப்படிம்மா இருக்கும்? ஊசி குத்தற மாதிரியா?"

அப்படி இல்லை மாமா, பாரம் வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கும், சிலருக்கு இடது கைக்குப் போகும், தாடைக்குப் போகும், நடந்தால், படி ஏறினால் வரும், நின்றால் போய்விடும் என்று சொன்னேன்.

"நின்னா போயிடும்னா பெருசா ஒண்ணும் இருக்காதுல்ல?"

"அதுதான் மாமா பெருசு. நடிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி? வாங்க, ஆரம்பிக்கலாம்."

அப்புறம் பிரமாதமாக நடித்தார். "இது உங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்குப் புரிகிறது" என்று ஒரு வரி உண்டு. ஆறுதலுக்குத் தனி மார்க் என்பதால் ஆங்கிலத்தில் அதை அடிக்கடி சொல்லிப் பழகுகிறேன். கேட்டுக் கேட்டு மாமாவுக்கே மனப்பாடம். நான் மறந்துவிட்டால் நோயாளியே எடுத்துக் கொடுக்கிறார்: "சிஸ்டர், டிஃபிகல்ட் ஃபார் யூ சொல்லலையே."

ஜூலை 15, திங்கள்

படிக்கவில்லை. நடிக்கவில்லை. தூங்கினேன்.

ஜூலை 18, வியாழன்

ரேடியோவுக்குக் காய்ச்சல். அவள் டியூட்டியும் என் தலையில். ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமா தலையணை எல்லாம் சரிசெய்து தயாராகப் படுத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. முழங்கால் ஆபரேஷன் கார்டை எடுத்தேன். எங்கே வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"படி ஏறுறப்போ நெஞ்சுல ஒரு கனம் சிஸ்டர். நின்னா போயிடுது."

"மாமா, அது போன வாரக் கார்டு. இன்னைக்கு உங்களுக்கு முழங்கால்."

"முழங்கால் நல்லாத்தான் இருக்கு. இடது கையும் கொஞ்சம்..."

"கார்டுல இல்லாததைச் சொல்லாதீங்க மாமா! நானே செத்துப்போய் வந்திருக்கேன். இதுல நீங்க வேற விளையாடினா நான் என்ன பண்றது?"

கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். அப்புறம் "சரிம்மா. முழங்கால்தான். வீங்கியிருக்கு" என்றார். மீதியை ஒழுங்காக முடித்துக்கொடுத்தார்.

பெரியவரிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

ஜூலை 22, திங்கள்

ஊசி போடும்போது நோயாளியிடம் ஆங்கிலத்தில் ஆறுதல் சொல்லிவிட்டேன். அந்த அம்மா பயந்துபோய், "எனக்கு ஏதாவது பெருசா வந்திருக்காம்மா, இங்கிலீஷ்ல சொல்றியே?" என்றார்.

எழுந்தால் பரிட்சை, படுத்தால் பரிட்சை. முதல் தடவை ஆசையாகத்தான் படித்தேன். இப்போது எதற்காக இதெல்லாம் என்று யாராவது கேட்டால் உடனே பதில் வராது. இவருக்கு வேலை இருக்காது என்பது ஒன்று. எனக்கு இன்னும் கான்ட்ராக்ட் வேலைதான் என்பது ஒன்று. சரி, அது போதாதா? போதும். ஆனாலும் அலுப்பாக இருக்கிறது.

மாமா நாலு நாளாகச் சுரத்தில்லாமல் நடிக்கிறார். கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை. அவருக்கும் அலுத்திருக்கும்.

ஜூலை 29, திங்கள்

 எழுதினால்தான் மனசு அடங்கும்.

எனக்கு மத்தியான டியூட்டி. காலையில் சின்னதுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டே இருந்தது. நான் பாட்டுக்கு ம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எங்க பஸ்ஸுக்கு இப்ப ரெண்டு ஸ்டாப்."

"ம்."

"முன்னாடி ரெண்டாவது மாடியில மட்டும்தான். ஸ்கூல்ல இருந்து வந்து படி ஏறுறப்போ தாத்தா அங்க உட்கார்ந்துக்குவார். பேசஞ்சர் ஏறட்டும்னு சொல்வார். இப்ப முதல் மாடியிலயும் ஸ்டாப். தாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சிடுது. உங்கிட்ட சொல்லக் கூடாதாம். டிப்போவுல திட்டுவாங்களாம்."

சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது.  எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. ஒரு இடத்தில் நின்றவர் இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறார். வலி கூடிக்கொண்டே வருகிறது என்று இதற்கு அர்த்தம். முதல் வருஷம் படிக்கிற நர்ஸுக்குக்கூடத் தெரியும்.

மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"மாமா, நிஜமா சொல்லுங்க. நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

"அன்னைக்கே சொன்னேனேம்மா." கோபமே இல்லாமல் சொன்னார். "நீதான் போன வாரக் கார்டுன்னுட்ட."

"அப்புறம் ஏன் திருப்பிச் சொல்லல? உங்க பையன்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"அவனுக்கு வேலை போற கவலை. உனக்குப் பரிட்சை. எந்திரிச்சு உட்கார்ந்து மருமகள்கிட்ட நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல என்னமோ மாதிரி இருந்துச்சு. படுத்து நடிக்கறப்போ சுலபமா வந்துச்சு. அதான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்."

ஒரு தடவை சொல்லிப் பார்த்தாராம். அந்த ஒரு தடவைக்கு நான் போட்ட கூச்சல்!

நானெல்லாம் ஒரு நர்ஸா? பாரம் மாதிரி இருக்கும், கைக்குப் போகும்னு பாடம் எடுத்தவளே நான்தானே? அந்த மனுஷன் அதையே திருப்பிச் சொன்னா, விளையாடாதீங்கன்னேன். பதினோரு நாள்! அந்தப் பதினோரு நாளும் படி ஏறி இறங்கிக் குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்கார். குழந்தை கண்ணு முன்னாடி ஏதாவது ஆகியிருந்தா? என் செருப்பாலயே என்னை அடிச்சுக்கணும் போல இருக்கு. விளக்கு அடியிலதான் இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

டாக்சி பிடித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனேன். ஈசிஜி பார்த்ததும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றுவிட்டார்கள்.

ஜூலை 31, புதன்

இதய வார்டு. மருந்தில் வலி அடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆஞ்சியோ, அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட். சனிக்கிழமை எனக்குப் பரிட்சை. போகப் போவதில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்" என்றார்.  ஆகஸ்ட் கடைசிக்குள் இன்னொரு தேதி கிடைக்காது என்று ரெண்டு பேருக்குமே தெரியும்.

சாயங்காலம் அந்த வார்டு சிஸ்டர் வந்தாள். "தூங்கினீங்களா மோஷன் போச்சா வலி இருக்கா" என்று ஒரே மூச்சில் கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சி பிளஸ்" என்றார்.

வார்டென்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். சிரிக்க ஆரம்பித்தது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவர் என்னைச் சமாதானம் பண்ணவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினார். அப்புறம் சொன்னார்:

"பரிட்சைக்குப் போயிட்டு வா. நான் உனக்காக எத்தனை வியாதி பட்டிருக்கேன், அத்தனையும் வீணாப் போகணுமா?"

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரெண்டு ஸ்டென்ட். நன்றாக இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் சார் என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

போனேன். மாமாவுக்காகத்தான் போனேன்.

முதல் கார்டு எப்படியோ போனது. இரண்டாவது கார்டில் வயதான ஆண், வீட்டில் தனியாக இருப்பவர், கைத்தடி பிடித்து நடக்க மாட்டேன் என்கிறார். அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும், இன்னும் நாலைந்து விஷயம் சொல்லித்தர வேண்டும். நோயாளியாக நடித்தவர் நடுத்தர வயதுப் பெண். பேச்சோடு பேச்சாக, மனைவி இருந்தபோது அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன் என்று முணுமுணுத்தார்.

என் கார்டில் மனைவியைப் பற்றி ஒன்றுமே இல்லை. தாண்டிப் போயிருக்கலாம். போன தடவை என்றால் தாண்டித்தான் போயிருப்பேன். போக முடியவில்லை. உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. கைத்தடிக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. கார்டில் பாதி அப்படியே நிற்கிறது.

போயிற்று. யானை வாயில் போன கரும்புதான். ஆனால் ஏனோ அவ்வளவு வருத்தம் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன், ஸ்டாப் தாண்டி எழுந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இவர் தரைத்தள வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறார். சின்னதுக்குத்தான் துக்கம். அங்கே பஸ் ஸ்டாப் வைக்கப் படியே இல்லையாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாலும் பி.

ரெண்டு தடவை பார்த்தேன். ரேடியோவிடம் கொடுத்தும் பார்க்கச் சொன்னேன். பேசுவதிலும் பி. ரேடியோ கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதாள். பாவம், நல்லவள்தான்.

வீட்டில் இவர் சின்னதைத் தூக்கிச் சுற்றினார். எனக்குக் குதிக்கத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை நாள் அலுப்பும் சேர்த்து இன்றைக்குத்தான் இறங்கியது போல.

மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப கிளம்பற."

"ஆமா மாமா. நீங்க உங்க பொண்ணு வீட்டுக்கெல்லாம் போக வேண்டாம். இவங்களோட இங்கேயே இருங்க. அடுத்த வருஷம் என்ன பண்றதுன்னு உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவோம்."

 நான் அடுத்த வார்த்தைக்குத் தாவவில்லை. காத்திருந்தேன்.

"எனக்கு இங்கதான் இருக்கணும்னு இருந்துச்சும்மா" என்றார். "யாரும் கேட்கல. அதான் சொல்லல."

நவம்பர் 10, ஞாயிறு

இங்கே வந்த பிறகு இன்றைக்குத்தான் இதைத் திறக்கிறேன். அறைக்கு ஒரு ஜன்னல். எதிரே கார் நிறுத்தும் இடம். லீவு நாளில் மாமாதான் முதலில் போனுக்கு வருவார், அப்புறம்தான் மற்றவர்கள்.

மாத்திரை போட்டீர்களா என்று நான் கேட்பதற்குள், "ஹவ் ஆர் யூ ஃபீலிங் டுடே சிஸ்டர்?" என்றார். பின்னால் சின்னது சிரிக்கும் சத்தம்.

"நல்லா இருக்கேன் மாமா. வேலை பழகிடுச்சு. கூட இருக்கறவங்க எல்லாம் நல்ல மாதிரி. நேரத்துக்குச் சாப்பிடறேன். ஒரு குறையும் இல்ல."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் கார்டுல இருக்கறது" என்றார். "இல்லாததைச் சொல்லும்மா."

கட்டிலில் உட்கார்ந்தேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.